குழூஉக்குறி பேசும் கருவிகள்

இலக்கணம் கற்றார் குழூஉக்குறியை அறிவர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் வகுப்பறையில் வழிவழியாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் அறிந்து, புறத்தார் அறியாதவாறு வழங்குஞ் சொல்லே குழூஉக்குறி. பொன் வாங்க வந்தவன் பக்கத்திலேயே நிற்பான். அவன் வாங்கவிருக்கும் பொன்னைப் பற்றியே பேச்சு நடக்கும். ஆயினும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. அக்காலத்தில் இம்மறைப்பு ஒரு பட்டறைக்குள் அடங்கி நின்றது. இன்றோ, நாம் முழு விலையும் கொடுத்து வாங்கிய கருவி, நம் வீட்டிலேயே இருந்துகொண்டு, நம் செய்தியையே நமக்கு விளங்காத குழூஉக்குறியிற் பேசுகின்றது. அதன் பொருள் யாதென்று கேட்டால், அது வணிகக் கமுக்கம் என்று ஆக்கியோர் விடையிறுக்கின்றனர்.

இவ்வினாவை இவ்விதழில் நாம் எழுப்புவதற்குக் கரணியம் உண்டு. ஏரிகள் நிறைந்த பழந்தொண்டைநாட்டின் ஒரு பகுதி, கால் நூற்றாண்டுக்குள் கருவிகள் விளையும் நிலமாக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஊண்டாய் மகிழுந்துத் தொழிலகம் வேலை தொடங்கிற்று. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவும், 2007இல் தெல், சாம்சங்கு ஆகியனவும் வந்தன. ஒரகடத்தில் 2010இல் இரெனோ–நிசானும், 2012இல் தைம்லரும் காலூன்றின. கைப்பேசியும் கணினியும் தொலைக்காட்சியும் ஊர்தியும் இன்று அந்நெடுவழியின் இருமருங்கிலும் நாள்தோறும் உருவாகின்றன. அவற்றை இணைத்து முடிக்குங் கைகள் பெரும்பாலும் நம் பிள்ளைகளின் கைகள். அக்கருவிகள் பேசும் மொழியை அறிந்தவர் அவர்களுள் எத்துணையர்? கையால் ஆக்கியதைக் கருத்தால் அறியாத நிலை எங்ஙனம் நேர்ந்தது? இதனைப் பெரிய கருவிகளைக் கொண்டு விளக்குவதினும், ஓர் எளிய சிறு கருவியின் வரலாற்றைக் கொண்டு விளக்குதல் தெளிவாகும். அக்கருவி, மக்கள் வழக்கில் மோடம் எனப்படும் இணக்கி.

தொலைபேசிக் கம்பி மாந்தர் குரலுக்கென அமைந்தது. நொடிக்கு 300 முதல் 3,400 வரை அலைவுறும் ஒலியையே அது செவ்வனே கடத்தும். கணினியோ ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளையன்றி வேறொன்றும் அறியாது. அவ்விரு குறிகளையும் ஒலியாக்கிக் கம்பியிற் செலுத்தி, மறுமுனையில் அவ்வொலியை மீளவும் குறியாக்கித் தருவதே இணக்கியின் தொழில். வி.21 என்னும் பழைய முறையில், அழைப்பவர் பக்கத்து இணக்கி ஒன்று என்பதற்கு நொடிக்கு 980 அலைவுள்ள ஒலியையும், சுழி என்பதற்கு 1,180 அலைவுள்ள ஒலியையும் எழுப்பும். விடையிறுக்கும் பக்கத்து இணக்கிக்கு 1,650, 1,850 என்று வேறிரண்டு ஒலிகள். இவ்வாறு நொடிக்கு 300 குறிகள் சென்றன. 1998இல் வந்த வி.90 முறையில் இது 56,000 வரை உயர்ந்தது. இந்தியாவில் 1995 ஆகத்து 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது முதல், 2005இற்குப் பின் அகலக்கற்றை இணைப்புகள் பரவும் வரை, எளிய இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் உலக அறிவு வந்து சேர்ந்த வாயில் பெரும்பாலும் இச்சிறு பெட்டியே.

முன்னர் வந்த இணக்கிகள் தம் தொழில் முழுவதையுந் தம்முள்ளேயே செய்தன. ஒலியைப் பகுத்தறியும் சில்லும் அவற்றுள்ளேயே இருந்தது. கட்டளையை ஏற்கும் சில்லும் அவற்றுள்ளேயே இருந்தது. இன்ன எண்ணை அழை, வந்த அழைப்பை ஏல், இணைப்பைத் துண்டி என்று எழுத்தாலான சில கட்டளைகளைக் கணினி விடுத்தாற் போதும். 1981இல் ஏய்சு என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இணக்கியோடு வந்த அக்கட்டளைகள் நாளடைவில் எல்லாராலும் ஏற்கப்பட்டன. எவர் செய்த இணக்கியாயினும், எவர் எழுதிய இயங்குதளமாயினும், இரண்டும் அப்பொதுமொழியிற் பேசிக்கொண்டன. பொதுமொழி இருந்த வரையிற் சிக்கல் எழவில்லை என்பதை நம்மவர் கருத்திற் கொள்க.

1990களின் பிற்பகுதியில் இணக்கி செய்வோர் ஒரு சிக்கன வழி கண்டனர். கணினியின் நடுவண் செயலி விரைவு மிக்கதாகி விட்டது. அதன் ஆற்றலிற் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. எனவே, இணக்கியின் உள்ளிருந்த சில்லுகளை எடுத்துவிட்டு, அவ்வேலையைக் கணினியின் தலையிலேயே சுமத்தினர். இணக்கியில் எஞ்சியது, தொலைபேசிக் கம்பியைத் தொடும் சிறு பகுதியும், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் ஒரு சில்லுமே. ஒலியை உருவாக்குதல், எதிரொலியை நீக்குதல், பிழை திருத்துதல், செய்தியைச் சுருக்குதல் ஆகிய அனைத்தும் மென்பொருளின் வேலையாயின. இதுவே மென்பொருள் இணக்கி. விலை குறைந்தது, வாங்குவோர் மகிழ்ந்தனர். ஆயின் அவர்கள் அறியாத ஒன்று அவ்விலைக்குறைவுக்குள் ஒளிந்திருந்தது. அம்மென்பொருள் விண்டோசு இயங்குதளத்திற்கு மட்டுமே எழுதப்பட்டது. அதனை நீக்கிவிட்டால், அட்டை பேச்சற்ற வெறுந்தகடே. பொதுமொழி போயிற்று, குழூஉக்குறி வந்தது.

அதே காலத்தில் உலகில் வேறோர் அறிவியக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய இரிச்சர்டு இசுட்டால்மன், தம் ஆய்வகத்திற்கு வந்த அச்சுப்பொறி ஒன்றின் குறையை நீக்கக் கருதி அதன் மூலநிரலைக் கேட்டார், மறுக்கப்பட்டார். அம்மறுப்பும் சேர்ந்து அவரை 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்க வைத்தது. 1991இல் பின்லாந்து மாணவராயிருந்த இலினசு தோர்வால்சு இலினக்சு என்னும் கருநிரலை எழுதி உலகிற்கு அளித்தார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வந்த இயங்குதளம் அது. அறிவைப் பூட்டி வையாத அவ்வியங்குதளத்தை ஆர்வத்தோடு தம் கணினியில் ஏற்றியவர்க்கு நேர்ந்தது யாது? எல்லாம் இயங்கிற்று; இணக்கி மட்டும் வாய்திறவாது கிடந்தது. இணக்கி இயங்கினாலன்றி இணையம் இல்லை. இணையம் இன்றேல் இணக்கியை இயக்கும் வழியை உசாவி அறியவும் வாயில் இல்லை. கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிறு வேண்டும் என்பது போன்ற நிலை அது.

அந்நிலையில் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. முதற்கண், அட்டையின் உண்மைப் பெயரை அறிந்தனர். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் விற்பவனுடையது; சில்லைச் செய்தவன் வேறொருவன். ஒவ்வொரு சில்லும், தன்னை ஆக்கியோர் யார், தான் எவ்வகை என்பதைக் குறிக்கும் எண்களைத் தன்னுட் கொண்டுள்ளது. கணினியை வினவி அவ்வெண்களை எடுத்து, இன்ன எண்ணுக்கு இன்ன சில்லு, இதற்கு இயக்கி உண்டு, இதற்கு இல்லை என்று பட்டியலிட்டனர். அவ்வாய்வைத் தானே செய்யும் சிறு நிரலொன்றையும் எழுதிப் பொதுவில் வைத்தனர். அடுத்து, கிடைத்த இயக்கியைத் தம் கணினியின் கருநிரலுக்கு ஏற்ப மீண்டும் தொகுத்தனர். கருநிரலின் ஒரு பதிப்புக்குத் தொகுத்தது மறு பதிப்பிற் பொருந்தாது.

இயக்கி பொருந்திய பின்னும் நம் நாட்டவர்க்குத் தனியே ஒரு தடை இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்ததும் கேட்கும் அழைப்பொலி நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் அது நொடிக்கு 400 அலைவுள்ள ஒலியில் 25 அலைவு கலந்து அதிர்வது. பிறநாட்டு ஒலிக்கெனப் பழக்கப்பட்ட இணக்கி அதனை அழைப்பொலியென்றே உணராது, கம்பியில் ஒலியில்லை என்று கூறி நின்றுவிடும். ஒலிக்குக் காத்திராதே, நேரே எண்ணை அழை என்று மற்றொரு கட்டளை இட வேண்டும். ஒற்றை வரியிலமைந்த அக்கட்டளையை அறியாமல் இணக்கி பழுதென்று எறிந்தவரும் உண்டு. அறிந்தவர் பிறர்க்குச் சொல்ல, அவர் மற்றவர்க்குச் சொல்ல, அது பரவிற்று. ஊதியங் கருதாத பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த இத்தகைய அறிவினாலேயே அடைத்திருந்த வாய் திறந்தது.

ஆயின் முழுமையாகத் திறந்ததா? இல்லை. சில்லை ஆக்கியவர்கள் சிறிது இணங்கியபோதும் பாதியையே தந்தனர். இலூசெண்டு நிறுவனம் இயக்கியின் உள்ளகத்தைப் பொறிக்கு மட்டும் விளங்கும் கோப்பாகத் தந்தது; அன்பர்கள் அதனைச் சுற்றித் திறந்த நிரலால் ஓர் உறை எழுதிக் காத்தனர். இசுமார்ட்டு இலிங்கு என்னும் நிறுவனமும் அவ்வாறே ஒலியறியும் பகுதியை மூடிய கோப்பாகவே வைத்தது. அக்கோப்பு 32 இருமக்குறிச் செயலிக்கென்று ஆக்கப்பட்டது. பின்னர் 64 இருமக்குறிச் செயலிகள் வந்தபோது, மூலநிரல் வெளியாகாமையால் அதனைப் புதுக்குவார் இல்லை. பழைய கோப்பையே வளைத்து நெளித்து ஓட்ட வேண்டியதாயிற்று. இலினக்சின் உள்ளமைப்பு அடிக்கடி மாறும். திறந்த நிரலாயின், மாற்றுவோரே அதனையும் உடன் திருத்திவிடுவர். மூடிய கோப்போ, செய்தவன் கைவிட்ட அன்றே முதுமையடையத் தொடங்குகின்றது. நம் முன்னோர் மருத்துவ முறைகளைத் தம் மக்களுக்குங் கூறாது மறைத்து, அம்மறைப்போடு அம்முறைகளும் மாண்டமையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

கோனெக்சண்டு நிறுவனத்தின் சில்லுகளுக்கு நேர்ந்தது இன்னுங் கருதத்தக்கது. அவற்றுக்கான இலினக்சு இயக்கியை இலினக்சண்டு என்னும் கனடா நாட்டு நிறுவனம் விற்றது. விலையின்றிக் கிடைத்த படி நொடிக்கு 14,400 குறிகளுக்கு மேற் செல்லாதவாறு கட்டப்பட்டிருந்தது. 56,000 வரை செல்லவல்ல கருவியை முழு விலைக்கு வாங்கியவன், அதன் முழு விரைவைப் பெற மீண்டும் பணஞ் செலுத்த வேண்டியிருந்தது. தன் மாட்டுக்குத் தானே கட்டணங் கொடுத்துக் கறப்பதை ஒத்தது இது.

2004ஆம் ஆண்டில் அவ்வியக்கியைப் பற்றி எழுந்த பூசலை மொழியறிந்தார் சுவைப்பர். இலினக்சில் ஏறும் ஒவ்வோர் இயக்கியும் தன் உரிமம் யாதென்று ஒரு சொற்றொடரால் அறிவித்தல் வேண்டும். பொது உரிமம் எனின் கருநிரல் வாளாவிருக்கும். மூடிய உரிமம் எனின், இக்கருநிரல் கறைபட்டது என்று குறித்துவைக்கும். பின்னர்ப் பழுது நேரின், எவரும் படிக்கவியலாத பகுதி உள்ளே உள்ளது என்று ஆய்வோர் அறிவதற்கான ஏற்பாடு அது. இலினக்சண்டின் இயக்கி, 'பொது உரிமம்' என்று பொருள்படும் எழுத்துகளை முதலில் இட்டு, அடுத்து ஒரு சுழிக்குறியை வைத்து, அதன் பின்னரே, இது இன்ன கோப்புகளுக்கு மட்டும் பொருந்தும் என்னும் வரம்பை எழுதியிருந்தது. சுழிக்குறி கண்ட இடத்திற் சொற்றொடர் முடிந்தது என்று கொள்வது கருநிரலின் இயல்பு. எனவே வரம்பு அதன் கண்ணிற் படவேயில்லை. அடிக்கடி எழும் எச்சரிக்கைகள் வாங்குவோரைக் குழப்பியதாற் செய்தோம் என்று அந்நிறுவனம் விளக்கந் தந்தது. விளக்கம் எதுவாயினும், ஒரு புள்ளியின் இடமாற்றத்தால் ஒரு கூற்றின் பொருளையே மாற்றலாம் என்பதை அது காட்டிற்று. மூலநிரலின் அவ்வரியை எவரும் படிக்க இயன்றமையாலேயே அச்சூழ்ச்சி வெளிப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. படிக்க இயலாத பகுதிகளில் என்னென்ன சுழிகள் உள்ளனவோ!

மூடியதைத் திறக்கவியலாது என்று சோர்ந்திராமல், முதலிலிருந்து தாமே எழுத முனைந்தவரும் உளர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பபிரீசு பெல்லார் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒலியலைகளின் கணக்கைக் கற்று, மென்பொருள் இணக்கி ஒன்றைத் திறந்த நிரலாகவே எழுதிக் காட்டினார். அது எல்லா அட்டைகளுக்கும் பொருந்தும் அளவிற்கு முற்றுப்பெறவில்லை. ஆயினும், இக்கலை சில நிறுவனங்களின் பிறப்புரிமையன்று, கற்றார் எவர்க்கும் கைகூடுவதே என்பதை அது உலகறிய நாட்டிற்று.

இனித் தமிழகத்திற்கு வருவோம். 2007ஆம் ஆண்டில் தெல் குழுமம் திருப்பெரும்புதூரில் தன் கணினித் தொழிலகத்தைத் திறந்தது. அதே ஆண்டின் மே திங்களில் அக்குழுமம் அமெரிக்காவில், இலினக்சு வழிவந்த உபுண்டு இயங்குதளம் ஏற்றிய கணினிகளை விற்கத் தொடங்கிற்று. அப்போதும் இடறியவற்றுள் ஒன்று இவ்விணக்கியே. பின்னர் அக்குழுமம், கோனெக்சண்டு இணக்கிக்கு உபுண்டுவில் முழு விரைவோடு இயங்கும் இயக்கியொன்றைத் தன் வலைமனை வழியே விலையின்றி வழங்கிற்று. பல்லாண்டு தனியாள்கள் கெஞ்சியும் கிடையாதது, பெருங்கொள்முதல் செய்பவன் தலையிட்டதும் கிடைத்தது. வாங்குவோன் கை பெரிதாயின் பூட்டுந் திறக்கும் என்னும் பாடம் இதனாற் பெறப்படுகின்றது.

தமிழகத்தில் அத்தகைய பெருங்கை அரசினுடையது. அதனை அரசு உணர்ந்த காலமும் உண்டு. 2007ஐ ஒட்டி, உமாசங்கர் மேலாண்மை இயக்குநராயிருந்தபோது, அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே இலினக்சுக்கு மாற்றிற்று. அதே 2007இல், சென்னையிலுள்ள சிடாக் ஆய்வு மையம் தெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடியாகக்கொண்டு 'பாசு' இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாசு இயங்குதளமும் அவற்றில் ஏற்றப்பெற்றிருந்தது. நல்ல தொடக்கம். ஆயின் இயங்குதளத்தைத் திறந்தால் மட்டும் போதாது. அதன் கீழுள்ள ஒவ்வொரு சில்லும் அதனோடு பேச வேண்டும். மேல்மாடியின் கதவைத் திறந்து வைத்துப் படிக்கட்டின் கதவைப் பூட்டி வைத்தாற் பயன் என்னை?

தொலைபேசிக் கம்பியே மறைந்து வரும் இந்நாளில் பழைய இணக்கியின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இணக்கி மறையவில்லை, சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு கைப்பேசியிலும், கோபுரத்தோடு அலைவழிப் பேசும் இணக்கி உள்ளது. அதற்கெனத் தனிச் செயலியும் தனி மென்பொருளும் உண்டு; அம்மென்பொருள் பெரும்பாலும் முற்ற மூடியது. ஆண்டிராய்டு கைப்பேசியின் அடியில் இலினக்சுக் கருநிரல் இருப்பினும், அதன் இணக்கி தனக்கென்று ஒரு கமுக்க அறையில் வாழ்கின்றது. ஊர்தியின் நிலையும் வேறன்று. இன்றைய பொறியைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறு கணினி. அது சொல்லும் நோய்க்குறியை முழுதும் படிக்க ஆக்கியோரின் மென்பொருளே வேண்டும். முப்பதாண்டு பட்டறிவுள்ள நம்மூர்ப் பொறிவல்லார் அதன் முன் எழுத்தறியாதவராய் நிற்கின்றனர்.

இணக்கியின் கமுக்கத்திற்கு விலை எத்துணை என்பதைப் பெருவணிகர்கள் அறிவர். ஆப்பிள் குழுமம், பிறருடைய இணக்கிச் சில்லை நம்பி வாழ்தல் தனக்கு ஆகாதென்று கண்டு, 2019இல் இண்டெல் நிறுவனத்தின் கைப்பேசி இணக்கிப் பிரிவை ஏறத்தாழ நூறு கோடி அமெரிக்கத் தாலருக்கு வாங்க முன்வந்தது. அதன்பின் தானே செய்த முதல் இணக்கியைக் கைப்பேசியில் வைத்து வெளியிட்டது 2025இல். அத்துணைச் செல்வமுடைய குழுமமே பிறரை நம்பியிருத்தலைத் தளையென்று உணர்ந்தது. அக்குழுமத்தின் கைப்பேசிகளைச் சுங்குவார்சத்திரத்தருகே பாக்சுகான் தொழிலகத்தில் இணைத்துத் தரும் நாம், அவ்வுணர்வில் நூற்றிலொரு பங்கேனும் கொள்ள வேண்டாவா?

நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கின்றதே, அது போதாதா என்பாரும் உளர். வேலையை நாம் இகழவில்லை. அதனால் எரியும் அடுப்புகளை நாம் அறிவோம். ஆனால் நோக்கியாவின் வரலாற்றை மறந்துவிடலாகாது. 2006இல் தொடங்கிய அத்தொழிலகம் கோடிக்கணக்கான கைப்பேசிகளை ஆக்கிற்று. 2014 ஏப்பிரலில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்குரோசாப்டுக்கு விற்றபோது, வரி வழக்கினால் இத்தொழிலகம் அவ்விற்பனையிற் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் நாள் ஆக்கம் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். எட்டாண்டு கைப்பேசியை இணைத்த பிள்ளையிடம், கதவு மூடிய அன்று, தானே ஒரு கைப்பேசியைத் திருத்தியமைக்கும் அறிவாவது எஞ்சியதா? கூலி நின்றதும் கையிருப்பும் நின்றது. அறிவு கைமாறியிருப்பின், கட்டடம் போனாலும் தொழில் நின்றிருக்கும். தொழிலகம் வருவதும் போவதும் வணிகரின் விருப்பம். அறிவு தங்குவதோ நம் முயற்சியைப் பொறுத்தது.

பல்லாண்டு உழைத்துக் கண்டதை ஆக்கியோன் ஏன் வெளியிட வேண்டும் என்னும் எதிர்வினா ஒன்று உண்டு. அதில் நயன்மை உள்ளதால் அதற்கும் விடை கூறுதல் கடன். சில்லின் உட்கட்டுமானத்தை நாம் கேட்கவில்லை. அதனைச் செய்யும் முறையையுங் கேட்கவில்லை. அதனோடு பேசுவது எப்படி என்னும் விளக்கத்தையே கேட்கின்றோம். எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் அது விழிக்கும், எந்த இடத்திற் செய்தியை வைக்கும் என்னுங் குறிப்பேடு அது. வீட்டை விற்றவன், கொத்தனாரின் கைத்திறத்தை எழுதித் தர வேண்டியதில்லை; திறவுகோலைக் கொடுத்தாக வேண்டுமன்றோ? ஏய்சு நிறுவனத்தின் கட்டளைகள் பொதுவானதால் இணக்கித் தொழில் அழியவில்லை, உலகெங்கும் வளர்ந்தது.

திருப்பெரும்புதூர் என்றதும் இராமானுசர் பிறந்த ஊர் என்பது தமிழர்க்கு நினைவில் வரும். சமயக் கொள்கையில் நாம் எந்நிலையில் நிற்பினும், அவரைப்பற்றி வழங்கும் ஒரு செய்தி நம் கருத்துக்கு உரியது. பதினெட்டு முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மறைமொழியை, வெளியிடலாகாது என்று ஆணையிருந்தும், அவ்வூர்க் கோயிலின் மேல் ஏறி நின்று அனைவர்க்கும் உரக்கக் கூறினார் என்பர். ஒருவன் நரகுறினும் பலர் உய்வராயின் அது நன்றென்று அவர் கருதினாராம். அவர் பிறந்த மண்ணிலேயே இன்று உலகின் கமுக்கங்கள் பெட்டியிட்டு முத்திரையிடப்பட்டுக் கப்பலேறுகின்றன. அவற்றை அடைக்கும் கைகளுக்கே அவற்றின் பொருள் தெரியாது என்பது அவ்வூருக்குப் பெருமையாகுமா?

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தமிழ்நாட்டரசு தன் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும் கருவிக்கும், திறந்த மூலநிரலோடு கூடிய இயக்கி உண்டு என்னும் உறுதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குதல் வேண்டும். மூடிய சில்லுக்கு அரசின் பணம் இல்லை என்று ஒருமுறை சொன்னால், மறுமுறை சில்லு திறந்தே வரும். 2025இல் மின்னணு உறுப்புகளின் ஆக்கத்திற்கென அரசு அறிவித்த ஊக்கத்திட்டத்திலும், பொதுப்பணம் பெறுவோர் தம் உறுப்புகளின் பேச்சுமுறையைப் பொதுவில் வைத்தல் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தல் தகும்.

இரண்டாவது, அந்நெடுவழியைச் சுற்றியுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழிற் கல்லூரிகளிலும், கருவியை இணைக்கக் கற்பிப்பதோடு நில்லாது, கருவியோடு பேசக் கற்பித்தல் வேண்டும். ஒரு பழைய இணக்கியை மாணவன் கையிற் கொடுத்து, இதன் எண்ணைக் கண்டுபிடி, இயக்கியைத் தொகு, கருநிரலில் ஏற்று, இதனை வாய்திறக்கச் செய் என்று பயிற்றினால், ஒரு பருவத்திற் செயலியும் கருநிரலும் அலைக்கணக்கும் அவனுக்குக் கைவரும். எறியப்பட்ட பொருளே நல்லாசிரியன் ஆகும்.

மூன்றாவது, இவ்வறிவு தமிழில் இருத்தல் வேண்டும். இயக்கி, கருநிரல், இணக்கி, செயலி, சில்லு என்னுஞ் சொற்கள் நம்மிடம் உள்ளன. போதாதவற்றை ஆக்கும் வேர்களும் உள்ளன. ஆக்கியோன் மறைத்ததைத் திறந்தவர்கள் அதனை வேற்றுமொழியில் மட்டும் எழுதிவைத்தால், நம் சிற்றூர் மாணவனுக்கு அது மற்றொரு குழூஉக்குறியே. ஒரு பூட்டைத் திறந்து மற்றொரு பூட்டை மாட்டுதல் அறிவுடைமையன்று. எனவே, கட்டற்ற மென்பொருளில் உழைக்கும் இளைஞர்கள் தாம் கண்ட ஒவ்வொரு வழியையும், எந்தச் சில்லு, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, எங்கே இடறிற்று, எங்ஙனம் நீங்கிற்று என்று நல்ல தமிழில் எழுதி வைப்பாராக. தமிழாசிரியர்கள் அவர்களோடு அமர்ந்து சொல்லாக்கத்தில் துணைநிற்பாராக.

தொழிலகங்களிற் பணியாற்றும் இளைஞர்களே, உங்கள் கைவழியே நாள்தோறும் ஓராயிரம் சில்லுகள் கடந்து போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மொழி பேசுகின்றது. அதனை உங்களுக்குக் கற்பிக்க எவரும் வருவார் என்று காத்திராதீர்கள். ஊதியங் கருதாத சிலர், ஒரு மலிந்த அட்டையின் வாயைத் திறக்க ஆண்டுக்கணக்கில் உழைத்து வென்றனர். அவர்களிடம் இருந்தவை ஒரு பழங்கணினியும், கண்டதைப் பிறர்க்குச் சொல்லும் உள்ளமுமே. அவை இரண்டும் உங்களிடமும் உள்ளன. இன்றே ஒரு கருவியைத் திறந்து, அதன் எண்ணைப் படித்து, அறிந்ததைத் தமிழில் எழுதத் தொடங்குங்கள்.